ஒரே ஷார்டனே, ரெண்டு பாட்டில்ல ரெண்டு ருசி. ஏன்?

மொட்டைமாடி:
ரெட் ஒயினோட துவர்ப்பு எனக்கு ஒத்துவராது, அதான் ஒயிட் பக்கம் வந்தேன். ரெண்டு பாட்டில் திறந்தேன், ரெண்டுமே ஷார்டனே திராட்சை. ஷாப்லிங்கற பிரெஞ்சு ஒயின் சுள்ளுனு எலுமிச்சை மாதிரி இருக்கு. கலிஃபோர்னியா பாட்டில்ல வெண்ணெய், வெனிலா வாசம், வாயில கனமா நிக்குது. இதுல எதை நல்ல ஒயின்னு எடுத்துக்கிறது?

ஜில்லுதாசன்:
நல்லா குளிர வெச்சுக் குடிங்க பாஸ். ஆராய்ச்சி எதுக்கு?

பீப்பாய்:
ஜில்லுதாசன் சொல்றபடி செஞ்சா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்! ஃபிரிட்ஜ் 4 டிகிரில இருக்கும், அந்தக் குளிர்ல வாசனை எழும்பாது. ஷாப்லிய 10 டிகிரிகிட்ட குடிங்க, பீப்பாய்ல வளர்ந்த கலிஃபோர்னியா ஒயினை 12, 13ல.

கேள்விக்கு வரேன். ஷார்டனேக்குன்னு தூக்கலான சொந்த வாசனை கிடையாது. மண்ணும் வெயிலும் செய்யறவர் கையும் அப்படியே அதுல தெரியும். ஷாப்லி ஊர் இருக்கறது பிரான்ஸ்ல பர்கண்டிங்கற ஒயின் பகுதியோட வடகோடியில. குளிர்ல பழுக்கறதால பழத்துல அமிலம் தங்கிடுது. சாதாரண ஷாப்லிய பெரும்பாலும் ஸ்டீல் தொட்டியிலேயே செஞ்சு முடிச்சிடுவாங்க. உங்க இன்னொரு பாட்டில்ல வெனிலா வந்தது ஓக் பீப்பாயிலிருந்து. வெண்ணெய் வந்தது பாக்டீரியாவால: பச்சை ஆப்பிள்ல இருக்கற மாலிக் அமிலத்தை அது லாக்டிக் அமிலமா மாத்தும்போது டைஅசிட்டைல்னு ஒண்ணு உண்டாகும், அந்த வாசம்தான். ஷாப்லியிலயும் இந்த மாற்றம் நடக்கறதுண்டு, ஆனா வெண்ணெய் வாசம் மேல வராம பார்த்துக்குவாங்க.

எது நல்லதுன்னு பெரிய மனுஷங்களே தடுமாறின விஷயம் இது. 1976ல பாரிஸ்ல லேபிளை மறைச்சு வெச்சு ருசி பார்த்தாங்க. பிரெஞ்சு நடுவர்கள் பர்கண்டி ஒயிட்களைத் தாண்டி முதலிடம் கொடுத்தது கலிஃபோர்னியாவோட ஷாட்டோ மொன்டலீனா 1973 ஷார்டனேக்கு. என் ஓட்டு ஷாப்லிக்கு, அது வேற கதை.

துவர்ப்பு ஆகாதுன்னா நீங்க வந்த இடம் சரிதான். ஒயிட்டுக்குப் பழத்தைப் பிழிஞ்சு, தோலை நீக்கிட்டு, சாறை மட்டும்தான் நொதிக்க விடுவாங்க. துவர்ப்பு பெரும்பாலும் தோல்லயும் விதையிலயும்தான் இருக்கு.

மொட்டைமாடி:
அருமை! அடுத்து ரீஸ்லிங் திராட்சையோட ஒயிட் ஒயின் பார்க்கலாம்னு இருக்கேன். இனிக்குமா இல்லையான்னு திறக்காமலே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

பீப்பாய்:
ஆல்கஹால் அளவைப் பாருங்க. ஜெர்மனியோட மோசல் பகுதி ரீஸ்லிங் 8 சதவீதம்னு இருந்தா, சர்க்கரை முழுசா ஆல்கஹாலா மாறாம மிச்சம் நிக்குதுன்னு அர்த்தம். 12ன்னு இருந்து, கூட 'ட்ரோக்கன்'னும் (ஜெர்மன்ல இனிப்பில்லாததுன்னு அர்த்தம்) போட்டிருந்தா இனிப்பு தெரியாது. இனிக்கறதையும் ஒதுக்கிடாதீங்க. முழுங்கினதும் தாடையோரம் எச்சில் ஊறும், அது அமிலம். அது இருக்கற வரைக்கும் இனிப்பு திகட்டாது. பழைய ரீஸ்லிங்ல லேசா பெட்ரோல் வாசம் அடிச்சாலும் கீழ ஊத்திடாதீங்க. வயசானா சிலதுல அப்படி வரும், அதுக்குன்னே தேடிப் போறவங்க இருக்காங்க.

மொட்டைமாடி:
பெட்ரோலா! சரி, பார்த்துடுவோம். கடைசியா ஒண்ணு, ஷாப்லி பாட்டில் அடியில கண்ணாடித்தூள் மாதிரி மினுக்குதே, குடிக்கலாமா?

கொடிப்பந்தல்:
தாராளமா. அது டார்டாரிக் அமிலத்தோட உப்பு, குளிர்ல படிகமாயிடும். கடைசிக் கிளாஸை மட்டும் ஆட்டாம மெதுவா ஊத்துங்க.