பிளே பட்டனை ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை எடுக்குது: பழைய கையடக்க சீக்வென்சர்

நெய்தல்கீஸ்:

தூத்துக்குடியில ஒரு மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிக்கேன். என்கிட்ட 90கள்ல வந்த ஒரு சின்ன சீக்வென்சர் இருக்கு, தாளம் பேஸ் எல்லாம் முன்னாடியே பதிஞ்சு வச்சு மேடையில ஓட்டுற மெஷின், டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். கம்பெனி பேரு வேண்டாம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல உழைச்ச சாமானை இப்ப குறை சொல்லக் கூடாது. தபேலா, டோலக் பேட்டர்ன் எல்லாம் சேர்த்து 41 பாட்டுக்கு அதுலதான் போட்டு வச்சிருக்கேன். லேப்டாப்புக்கு மாறச் சொல்றவங்க தயவுசெஞ்சு வேற திரிக்குப் போங்க.

பிரச்சினை மூணு. பிளே பட்டனை அமுக்கினா பாட்டு ஆரம்பிச்சு அப்பவே நின்னுடுது, ரெண்டு தடவை அமுக்கின மாதிரி. போன மாசம் ஒரு ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறுற நேரம், "டம்"னு ஒரே ஒரு பேஸ் அடி, அப்புறம் சத்தமே இல்ல. பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கி. அடுத்தது டெம்போ பிளஸ், தாள வேகத்தைக் கூட்டுற பட்டன். 118ல இருந்து 120க்குப் போகணும்னா 121, 123னு தாவும். இறங்கி ஏறி, இறங்கி ஏறித்தான் பிடிக்கணும். மூணாவது, கீழ் வரிசையில நாலு பட்டன் செத்தே போச்சு. எவ்வளவு அழுத்தினாலும் ஒண்ணும் இல்ல.

பக்கத்துல டிவி ரிப்பேர் பண்றவரு துரு விடுற ஸ்பிரே ஒண்ணைப் பட்டன் இடுக்குல அடிச்சு விட்டாரு. ரெண்டு நாள் அருமையா இருந்துச்சு. அப்புறம் முன்னைய விட மோசம். எல்லா பட்டனையும் மாத்தணுமா, இல்ல போர்டே போச்சா? ஒன்பது நாள்ல அடுத்த கச்சேரி.

ஈயப்புகை:

பாஸ், முதல்ல அந்த ஸ்பிரேயை நிறுத்துங்க. அது எண்ணெய்ப் படலம் விட்டுட்டுப் போகும், தூசி அதுல வந்து ஒட்டும். ரெண்டு நாள் வேலை செஞ்சதுக்கும் அப்புறம் கெட்டதுக்கும் அதே எண்ணெய்தான் காரணம்.

திறக்கறதுக்கு முன்னாடி பாட்டைக் காப்பாத்துங்க. இந்த மாதிரி பழைய சாமான்ல நினைவகத்தைத் தாங்கிப் பிடிக்கிறது உள்ள இருக்கற சிஆர்2032 மாதிரி ஒரு 3 வோல்ட் காசு பேட்டரி. கை தவறி அது கழண்டா 41 பாட்டும் காலி. மெனுவுல "பல்க் டம்ப்"னு இருக்கும், நினைவகத்துல இருக்கறதை மொத்தமா வெளிய அனுப்பறது. மிடி அவுட்டை (இசைக் கருவிங்க ஒண்ணுக்கொண்ணு செய்தி அனுப்புற இணைப்பு) கம்ப்யூட்டர்ல கோத்து, சிஸ்எக்ஸ், அதாவது அந்த டம்ப் வர்ற வடிவம், அதை வாங்குற இலவச மென்பொருள் ஏதாவது ஒண்ணுல சேமிங்க. மிடி நொடிக்கு 31,250 பிட்டுதான், அதாவது சுமார் 3 கிலோபைட். நினைவகமே சின்னது, டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். ரெண்டு தடவை எடுங்க, ரெண்டு கோப்பும் ஒரே அளவு இருக்கான்னு பாருங்க.

இப்ப நோய். உங்களுக்கு இருக்கறது ஒண்ணு இல்ல, ரெண்டு. பிளேயும் டெம்போவும் பட்டன் தேய்மானம். உள்ள ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும், அமுக்கும்போது "டிக்"னு மடங்கி ரெண்டு முனையைச் சேர்க்கும். புதுசுலயும் அது சில மில்லிசெகண்ட் துள்ளத்தான் செய்யும், அந்த நேரத்தை விட்டுட்டுப் பார்க்கற மாதிரிதான் மென்பொருளை எழுதியிருப்பாங்க. முனை கறுத்துப் போனா துள்ளல் அந்த அவகாசத்தைத் தாண்டிடும். மெஷின் அதை ரெண்டாவது அமுக்கலா எண்ணும்.

நாலு பட்டன் ஒரே நேரத்துல செத்ததுக்குப் பட்டன் காரணமா இருக்காது. பட்டன் எல்லாம் ஒவ்வொண்ணா சிப்புக்குப் போகாது, குறுக்கும் நெடுக்குமா கம்பி வலை மாதிரி போட்டு வரிசை வரிசையா படிப்பாங்க. ஒரு கம்பி விட்டா அந்த வரிசையே போகும். பேனல் போர்டுக்கும் மெயின் போர்டுக்கும் நடுவுல வர்ற பட்டை கேபிளைத்தான் நான் சந்தேகப்படுவேன். அதுவும் கடற்கரை ஊர்!

பீளமேடு_பேட்ச்:

மேல சொன்னது சரிங்க. ஒண்ணு மட்டும் சேர்க்கறேன். அமுக்கினா "டிக்" கேக்குதா, மெத்துன்னு இறங்குதான்னு மொதல்ல பாருங்க. மெத்துன்னு இருந்தா அது டிவி ரிமோட் மாதிரி ரப்பரும் கரிப்பொட்டும், வைத்தியமே வேற. அதுக்குப் பருத்திக் குச்சியில கொஞ்சமா ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைச்சாப் போதும். சிகரெட் அட்டை ஜிகினாத் தாளை ஒட்டற வித்தையை வீடியோவில பார்த்துட்டுப் பண்ணிடாதீங்க. நான் பண்ணுனேன். மூணு மாசத்துல ஜிகினா போர்டு மேல இருந்த கரித்தடத்தையே சுரண்டி எடுத்துருச்சு.

ஐபிஏ எலக்ட்ரானிக்ஸ் கடையில 99 சதவீதம்னு கேட்டு வாங்குங்க. வீட்டுல மிச்சம் கிடக்கற கொரோனா காலத்து சானிடைசர் வேண்டாமுங்க, அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்கும்.

கச்சேரிக்குள்ள முடியலைன்னா: சீக்வென்சரை வெளி கிளாக்குக்கு, அதாவது வேற கருவி சொல்ற வேகத்துல ஓடுற மாதிரி மாத்தி, கீபோர்டு மிடி அவுட்டை அதோட மிடி இன்னுல கோத்துருங்க. கீபோர்டுல ஸ்டார்ட் அமுக்கினா அந்த ஸ்டார்ட் செய்தி இதுக்கும் போகும், டெம்போவும் கீபோர்டு சொல்றதுதான். உங்க கீபோர்டு கிளாக் அனுப்புதான்னு மட்டும் வீட்டுலயே சோதிச்சுக்கங்க.

நெய்தல்கீஸ்:

ரெண்டு அண்ணாச்சிக்கும் நன்றி. டம்ப் எடுத்தாச்சு, மூணு காப்பி. நேத்து ராத்திரி திறந்தேன். "டிக்" சத்தம் வர்ற ரகம்தான்.

பட்டை கேபிள்! ஒரு பக்கம் கனெக்டர்ல இருந்து ஒரு நூல் அளவு எழும்பி இருந்துச்சு, முனையில வெள்ளையா பூத்திருக்கு. கழட்டி, பென்சில் அழிப்பான் வச்சு மெதுவா தேய்ச்சு, ஐபிஏ போட்டுத் துடைச்சு, நேரா சொருகினேன். நாலு பட்டனும் உயிர் வந்துருச்சு. ஒத்த பைசா செலவில்ல.

பிளே பட்டனை மீட்டர் வச்சுப் பார்த்தேன். அமுக்கினா 40 ஓம், 15, 200னு ஆடுது. பக்கத்து பட்டன் 0.3ல அசையாம நிக்கி. மொதல்ல நாலு காலுல பக்கத்துப் பக்கத்து ரெண்டைத் தொட்டுட்டு, அமுக்காமலே 0 காட்டுது, ஷார்ட்டாகிக் கிடக்குன்னு பயந்துட்டேன். பெறவுதான் தெரிஞ்சுது, அந்த ரெண்டு காலும் உள்ளுக்குள்ள ஒண்ணுதானாம். கோணல் மூலையில தொடணும்.

நாளைக்கு பட்டன் வாங்கப் போறேன். என்ன கேக்கணும்?

ஈயப்புகை:

டாக்ட் சுவிட்ச்னு கேளுங்க, அந்த "டிக்" பட்டனோட பேரு அதுதான், 6க்கு 6 மி.மீ., நாலு கால். இங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பாக்கெட்டாவே கிடைக்கும். உயரத்தை மட்டும் அளந்துட்டுப் போங்க. போர்டுல இருந்து தண்டு உச்சி வரைக்கும் எவ்வளவு. 4.3, 5, 7னு வரும், பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கழட்டும்போது முழுசா உருவப் பார்க்காதீங்க. பழசை கட்டரால நறுக்கிப் போட்டுட்டு, காலை ஒவ்வொண்ணா சூடு காட்டி எடுங்க. அவசரப்பட்டா செம்புத் தடமே பேர்ந்து வந்துடும்.

நெய்தல்கீஸ்:

அளந்துட்டுப் போகச் சொன்னீங்க. நான் அளக்காம போனேன். கடைக்காரரு "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னு 5 மி.மீ. பட்டன் பத்து குடுத்துட்டாரு. பிளே, டெம்போ பிளஸ் ரெண்டுலயும் சால்டர் வச்சேன், அழகா உக்காந்துச்சு. பென்சில் பேட்டரியைக் கழட்டாமலே மூடினேன், திட்டாதீங்க. மூணாவது ஸ்குருவை இறுக்கும்போது டோலக் தானா ஆரம்பிக்கி! கை நடுங்கிப் போச்சு. தளர்த்திட்டு மறுபடி இறுக்கினா நின்னுச்சு. மூடி தண்டை அமுக்குது. ஸ்குருடிரைவரே பிளே பட்டன் ஆயிருச்சு. வீட்டுக்காரி பார்த்துட்டு, "இப்படியே கச்சேரிக்கு எடுத்துட்டுப் போங்க, கூட்டம் கூடும்"ங்கா.

பழசோட உயரத்தை அப்புறமா அளந்தேன், 4.3. அந்த அளவு வாங்கி மாத்த மறுபடி கழட்டும்போது ஒரு தடம் லேசா தூக்கிருச்சு. மெல்லிய கம்பி ஒண்ணு வச்சு இழுத்து ஒட்டினேன். அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா பிடிச்சுக்கிடுச்சு. 118ல இருந்து ரெண்டு அமுக்கு, சரியா 120.

ஞாயித்துக்கிழமை கச்சேரி நல்லா முடிஞ்சுது. கீபோர்டுல இருந்து மிடி கேபிளையும் சும்மா கோத்துத்தான் வச்சிருந்தேன், தேவைப்படல. 5 மி.மீ. பட்டன் எட்டு மிச்சம் கிடக்கு. யாருக்காவது ஆகும்னா சொல்லுங்க, கவர்ல போட்டு அனுப்பி வைக்கேன். அளந்துட்டுச் சொல்லுங்க.