சந்தையில் வாங்கிய குதிரை கிட்டவே சேர்க்க மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

தோப்புக்காரன்:
அவசரம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வெள்ளைக் குதிரை வாங்கினேன். ஆறு வாரம் ஆகிறது. தலைக்கயிற்றைக் கையில் எடுத்தாலே திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டுகிறது. அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளர் மோன்டி ராபர்ட்ஸ் வீடியோ பார்த்து ஜாயின்-அப் (குதிரையை வட்டமாக ஓட விட்டு, அதுவாகவே நம்மிடம் வர வைக்கும் முறை) ஐந்து நாள் செய்தேன். ஓடுகிறதே தவிர வரவில்லை. அடிக்கச் சொல்லாதீர்கள், அடிக்கவே மாட்டேன்.

கொள்ளுப்பை:
ஆணா, பெட்டையா? வயது? என்ன தீனி? வேலை இல்லாமல் நிற்கும் குதிரைக்குத் தினம் கொள்ளு வைத்தால் கால் தரையில் நிற்காது. பாதியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு இதுதான்.

லாயம்22:
எவ்வளவு பெரிய இடம்? ராபர்ட்ஸ் செய்வது 50 அடி விட்டமுள்ள வட்டப் பட்டியில்.

தோப்புக்காரன்:
பெட்டை. நாலு வயது என்றார்கள். தென்னை மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறேன், 80 அடி இருக்கும்.

பழைய சவாரி:
என்றார்களா? நாலு வயதில் ஓரப்பல் இன்னும் பால்பல்லாக இருக்கும். அதைக்கூடப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். வீடியோ பார்த்துக் குதிரை பழக்காதீர்கள் என்று இங்கே எத்தனை முறை எழுதுவது? ஜாயின்-அப் என்பதே துரத்திக் களைக்க வைப்பதுதான்.

லாயம்22:
தவறு. வாயை மென்று தலையைத் தாழ்த்தினால் குதிரை சம்மதிக்கிறது என்று பொருள். 1989-ல் இங்கிலாந்து ராணி முன்பே செய்து காட்டியவர் அவர்.

பழைய சவாரி:
ராணி பார்த்தால் குதிரைக்குப் பயம் போய்விடுமா? பதற்றம் இறங்கும்போதும் வாயை மெல்லும். அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேய்ச்சல்:
அந்தச் சண்டை அப்புறம். தோப்புக்காரரே, பின்பக்கம் காட்டும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உடம்பில் எங்கே தொட விடுகிறது?

தோப்புக்காரன்:
உதைக்குமே என்று விலகிவிடுவேன். இடது கழுத்தைச் சொறிய விடும். வலது காதுப் பக்கம் கை போனால் தலையைத் தூக்கிவிடும்.

மேய்ச்சல்:
காதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கால்நடை மருத்துவரை வைத்துக் காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி போடக் காதைத் திருகிப் பிடிக்கும் பழக்கம் உண்டு, அந்தப் பயமாகவும் இருக்கலாம். காது வழியாக மாட்டாமல், கழுத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் முடிச்சுப் போடும் கயிறு வாங்குங்கள்.

அடுத்தது, பின்பக்கம் காட்டினால் ஆள் போய்விடுவார் என்று ஆறு வாரமாக நீங்களே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். குதிரை பாடம் படிப்பது நாம் விட்டுக்கொடுக்கும் நொடியில். உதை எட்டாத தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். வாலுக்கு நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாது. கயிற்றுச் சுருளை உங்கள் தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருங்கள். ஒரு காதாவது உங்கள் பக்கம் திரும்பினால் அந்த நொடியே நிறுத்தி, இரண்டடி பின்னால் போய்விடுங்கள். பத்து நிமிடம் போதும். துரத்துவதை இன்றோடு விடுங்கள்.

கொள்ளுப்பை:
கொள்ளு எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லையே?

பழைய சவாரி:
மேய்ச்சல் சொன்னது சரி. பல்லையும் அதே மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

தோப்புக்காரன் (ஒன்பது நாள் கழித்து):
வலது காதிலிருந்து நாலைந்து உண்ணி எடுத்தார் டாக்டர். இன்று காலை வாளி கழுவிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து வந்து தோளை மோந்தாள். கயிறு இன்னும் மாட்டவில்லை. நன்றி.