தம்பிக்கு மல்யுத்தம் பழக இடம் தேவை

உறவுகளே, என் தம்பிக்கு 18 வயது. கொக்குவிலில் இருக்கிறோம். உயர்தரம் எழுதிவிட்டு, டிவியில் வரும் WWE மாதிரியான தொழில்முறை மல்யுத்த வீரனாகத்தான் வருவேன் என்று நிற்கிறான். அதில் வெற்றி தோல்வி முன்பே பேசி முடிவானது என்றாலும் விழுகிற அடி உண்மை. நாடியை நெஞ்சோடு ஒட்டி, மேல்முதுகு முழுதாகத் தரையில் படும்படி விழப் பழகாவிட்டால் கழுத்துக்கு ஆபத்து. இவன் முற்றத்து மணலில் தனியாகவே விழுந்து பழகுகிறான், பார்க்கவே பயமாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஜூடோ அல்லது ஒலிம்பிக் மல்யுத்தத்தை நல்ல பயிற்றுநரிடம், மெத்தையில் பழக இடம் உண்டா? முதலில் ஒரு வருடமாவது அது வேண்டும். அப்புறம், WWE-இல் ஆடிய இந்திய வீரர் தி கிரேட் காளி 2015இல் இந்தியாவின் ஜலந்தரில் தொடங்கிய தொழில்முறை மல்யுத்தப் பயிற்சிப் பள்ளிக்கு இங்கிருந்து யாராவது போயிருந்தால் கட்டணம், தங்குமிடம், விசா விபரம் சொல்லுங்கோ. அம்மாவிடமும் பேச வேண்டும்.