கம்பம் பக்கம் புதுசாக வந்த டீச்சரின் கேள்வி: இந்த ஊர் அம்மாக்களை எப்போது பார்ப்பது?

கேட்டவர்: வெண்ணாற்றங்கரை

வணக்கம். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இந்த ஜூனில்தான் கம்பத்துக்கு அருகே ஒரு கிராமத்துப் பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்பு.

நான் வயலைப் பார்த்து வளர்ந்தவள். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை, சம்பா என்றுதான் எங்கள் வீட்டில் வருசம் ஓடும். இங்கே ஒரே பார்வையில் நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல் எல்லாம் தெரிகிறது. இரண்டு பக்கமும் மலை. வந்த முதல் வாரம், இவ்வளவு செழிப்பான ஊரா என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

ஆகஸ்டிலிருந்து வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் பதினொரு மணிக்கே தூங்கி விழுகிறார்கள். பெற்றோர் கூட்டம் இரண்டு முறை வைத்தேன். பாட்டிகள் வந்தார்கள், அம்மாக்கள் வரவே இல்லை. கேட்டால் “மலைக்குப் போயிருக்கு” என்கிறார்கள் பிள்ளைகள். அக்கறை இல்லாத பெற்றோர் என்று முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பதில் 1: சுருளிரோட்டுப் பந்தல்

டீச்சரம்மா, சுருளிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை வச்சிருக்கேன். வயசு 61. எங்க வீட்டுக்காரி இருபத்திரண்டு வருசம் ஜீப் ஏறினவ. அந்த உரிமையில சொல்றேன்.

நாளைக்கு விடியக்காலம் நாலரை மணிக்கு எந்திரிச்சு உங்க ஊர் முக்குல வந்து நில்லுங்க. அம்மாக்கள் எல்லாரையும் அங்க பாத்துரலாம். கையில தூக்குவாளி, தலையில துண்டு, மழைக்குப் போத்திக்க ஒரு பிளாஸ்டிக் தாளு. ஜீப் வந்து நிக்கும். அதுல இத்தனை பேர் ஏற முடியுமான்னு உங்களுக்கு மலைப்பா இருக்கும், ஏறிருவாங்க. கம்பமெட்டு வழியாவோ குமுளி வழியாவோ மேல ஏறி, வண்டன்மேடு, அணைக்கரைன்னு கேரளத்து இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகும். ஏலக்காய் செடி உச்சியில காய்க்கிறதில்லை. தூருல இருந்து தரையோட ஓடுற சரத்துலதான் காய். குத்தவச்சு, இல்லேன்னா குனிஞ்சே நகர்ந்து, முத்தின காயா பாத்து ஒண்ணொண்ணா எடுக்கணும். இளங்காயில கை பட்டா கங்காணி ஏசுவார். கால்ல அட்டை ஏறும். வீடு திரும்ப ஆறு ஆகும், மழைன்னா ஏழு. வளைவு வளைவா இறங்குற ரோடு அது. ஜீப் வர நேரமானா எங்க தெருவுல எந்த வீட்டுலயும் யாரும் உக்கார மாட்டாங்க, வாசலுக்கும் முக்குக்குமா நடந்துக்கிட்டே இருப்பாங்க.

ஆகஸ்டுல இருந்து பிள்ளைக தூங்குதுன்னு எழுதியிருக்கீங்க. காய் எடுப்பு மும்முரமாகுறது அப்பத்தேன். தை வரைக்கும் ஓடும். நாலு மணிக்கு ஆத்தா அடுப்பப் பத்தவைக்கிறப்பவே எந்திரிச்ச பிள்ளை அது. சின்னதுகளை எழுப்பிக் குளிக்கவச்சுத் தலை சீவி விடுறது பெரும்பாலும் அந்த வீட்டு மூத்த பொண்ணு. அது உங்க வகுப்புலயே இருக்கலாம். அதை மட்டும் திட்டிராதீங்க.

இம்புட்டுத் தண்ணி ஓடுற ஊருல ஏன் மலைக்குப் போகணும்னு உங்களுக்குத் தோணும். நியாயமான கேள்வி. எங்களுக்கும் மேட்டூர் மாதிரி ஒரு நாள் இருக்கு, ஜூன் 1. பெரியாறு அணையில தண்ணி இருந்தா தேக்கடி மதகைத் திறப்பாங்க. கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லு அதை நம்பித்தேன் இருக்கு. ஆனா அந்த நிலம் எல்லார் கையிலயுமா இருக்கு? நிலம் இல்லாத வீட்டுக்கு நடவுல கொஞ்ச நாள், களையெடுப்புல கொஞ்ச நாள் வேலை. அறுப்புக்கு மெசினு வந்தப்புறம் அதுவும் போச்சு. மேல போனா கூலி கூட, தொடர்ந்து வேலையும் இருக்கு. பசேல்னு தெரியுற வயலுக்கும் ஜீப் ஏறுற பொம்பளைக்கும் நடுவுல இருக்கிற கணக்கு இதுதான்.

என் கதையும் சொல்லிர்றேன். திராட்சைக்காரன்னா வசதியானவன்னு நினைப்பாங்க. மத்த ஊருல வருசத்துக்கு ஒரு தடவை காய்க்கிற திராட்சை எங்க மண்ணுலயும் காத்துலயும் வருசம் முழுக்கக் காய்க்கும். ஒரு பந்தல் கவாத்துல இருக்கும், பக்கத்துப் பந்தல் பூவுல இருக்கும், அதுக்கடுத்தது அறுப்புல இருக்கும். கவாத்து பண்ணி நாலு மாசத்துல பழம். 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. சந்தோசந்தேன். ஆனா பழம் கறுத்து வர்ற நேரத்துல மூணு நாள் மழை பிடிச்சா வெடிச்சுப் போகும். அடிச்சாம்பல் வந்தா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சுக்கிட்டே கெடக்கணும். அறுத்த பழத்தை வச்சுப் பாக்க முடியாது, வியாபாரி சொன்னதே விலை. போன ஐப்பசியில ஒரு பந்தல் பழம் முழுக்கக் கீழ கொட்டினேன். அந்த மாசம் எங்க வீட்டுல உலை கொதிச்சது வீட்டுக்காரியோட ஏலக்காய்க் கூலியில.

பெரியாறு அணையைக் கட்டின வெள்ளைக்கார இஞ்சினியர் பென்னிகுயிக் படம் பாத்திருப்பீங்க, டீக்கடையில, சில வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துலயே இருக்கும். 1895ல அந்த அணை முடிஞ்சுதான் மேற்க ஓடின தண்ணி மலையைக் குடைஞ்சு எங்க பக்கம் வந்துச்சு. அவர் பொறந்தது ஜனவரி 15. பாலார்பட்டியில அன்னைக்கு அவருக்குப் பொங்கல் வைப்பாங்க. பிள்ளைக்குப் பென்னிகுயிக்னு பேர் வச்ச வீடும் இருக்கு. உங்க வருகைப் பதிவுல அந்தப் பேர் வந்தா ஆச்சரியப்படாதீங்க.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைங்க. எங்க தெருவுல அன்னைக்குத்தேன் ஜீப் இல்லை. வருவாங்க.

பதில் 2: ஏலக்காய்வீட்டுப் பொண்ணு

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை. நான் கூடலூர். இப்போது மதுரையில் நர்ஸ். அவர் சொன்ன அந்த மூத்த பொண்ணு நான்தான். தங்கச்சி, தம்பி இரண்டு பேரையும் பள்ளிக்கூடம் கூட்டிப் போய்விட்டு நான் எப்போதும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் வகுப்புக்குள் நுழைவேன். வெளியே நிற்க வைப்பார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் டீச்சர், அதுவே பெரிது.

அம்மா வந்ததும் அவர் சேலையில் ஏலக்காய் வாசம் அடிக்கும். மடியில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் சொல்வேன், பாதியில் அம்மா தூங்கிவிடுவார்.

2011 டிசம்பரில் பெரியாறு அணை விஷயத்தில் கேரளத்தோடு பிரச்சினை வந்தபோது பாதையை அடைத்துவிட்டார்கள். வாரக் கணக்கில் ஜீப் ஓடவில்லை. அம்மா பகலில் வீட்டில் இருந்ததில் தம்பிக்குச் சந்தோஷம். அரிசிப் பானையைப் பார்த்த எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. அணையில் 142 அடி தேக்கலாம் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று ஊரில் வெடி வெடித்தார்கள். அம்மாவும் வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் வழக்கம்போல நாலு மணிக்கு எழுந்து கேரளத்துத் தோட்டத்துக்குத்தான் போனார். தண்ணீரும் அங்கிருந்து வர வேண்டும், கூலியும் அங்கிருந்து வர வேண்டும். அந்தப் பயம் எங்கள் வீடுகளில் எப்போதும் உண்டு.

பதில் 3: உத்தமபாளையத்தான்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பத்தில் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், ராவுத்தர் வீடுகள் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். வகுப்பில் பிள்ளைகள் வேறு பாஷையில் ஏதோ முணுமுணுத்தால் அது வீட்டுப் பேச்சு, குறும்பு இல்லை.

மாட்டுப் பொங்கலன்று ஊருக்குப் போய்விடாதீர்கள். கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு என்று நந்தகோபாலன் கோயில் இருக்கிறது. சிலை கிடையாது, மாடுதான் சாமி. நேர்ந்துவிட்ட மலைமாடுகள் நிறைய நிற்கும், சனம் கரும்பு வாங்கிக் கொடுத்துக் கும்பிடும். நான் நாற்பது வருசமாகப் போகிறேன்.

பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னால் யானை நிறைய வரும். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஜூன் 5ல் பிடித்துக் கொண்டுபோகிற வரை தோட்டத்துக்குப் போகவே ஆட்களுக்குப் பயம். அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இப்போது உங்களிடம் படிக்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை (மறுபடியும்)

எல்லோருக்கும் நன்றி. கூடலூர்த் தங்கை எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

நேற்று நாலரைக்குப் போய் முக்கில் நின்றேன். என் வகுப்பில் அதிகம் தூங்குகிற பிள்ளையின் அம்மா என்னை அடையாளம் கண்டு ஜீப்பிலிருந்து இறங்கவே வந்துவிட்டார். “இவ ஏதும் தப்புப் பண்ணிட்டாளா டீச்சர்?” என்றுதான் முதலில் கேட்டார். இல்லை, நன்றாகக் கணக்குப் போடுகிறாள், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். ஞாயிறு ஆறு மணிக்குக் கூட்டம் என்று ஜீப்பில் இருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியரும் சரி என்றார்.

பந்தல்கார ஐயாவிடம் ஒரு கேள்வி. பிள்ளைகளை ஒரு நாள் உங்கள் பந்தலுக்குக் கூட்டிவரலாமா? ஏலச்செடியை வரைந்து காட்டிய பிள்ளைகள் பலர், பக்கத்துப் பந்தலுக்குள் இதுவரை போனதில்லை என்கிறார்கள்.

சுருளிரோட்டுப் பந்தல்

தாராளமா வாங்க டீச்சரம்மா. இந்த வாரம் மட்டும் வேண்டாம், மருந்து அடிச்சிருக்கேன். பழம் கறுக்க இன்னும் இருபது நாள் ஆகும். அறுப்பன்னைக்கு வாங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அறுத்திருவோம், அதனால ஏழு மணிக்கெல்லாம் பிள்ளைகளோட வந்துருங்க. கொத்தைக் கையில பிடிச்சா பழத்து மேல இருக்கிற சாம்பல் பூச்சு அழிஞ்சிரும், வியாபாரி எடுக்க மாட்டான். காம்பைப் பிடிக்கணும்னு முன்னாடியே சொல்லிவைங்க. பிள்ளைக திங்கிறதுக்குன்னு ஒரு வரிசை அறுக்காம விட்டுவைக்கிறேன். எங்க வீட்டுக்காரியும் அன்னைக்குப் பந்தல்லதான் இருப்பா.