அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே நின்று அரிசோனா சட்டத்தைக் கண்டித்தாரே கால்டெரோன், அது சரியா?

கொடைமழை:
மகள் கல்லூரியில் பன்னாட்டு உறவுகள் படிக்கிறாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது தொடங்கிய பேச்சு பன்னிரண்டு மணி வரை போயும் முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். 2010 ஏப்ரலில் அரிசோனா மாநிலம் எஸ்பி 1070 என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. போலீஸ் ஒருவரை வேறு காரணத்துக்காக நிறுத்தும்போது, இவர் அனுமதியில்லாமல் தங்கியிருக்கிறாரோ என்ற சந்தேகம் வந்தால் அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. அடுத்த மாதம், மே 20 அன்று, மெக்சிகோ அதிபர் ஃபெலிப்பே கால்டெரோன் வாஷிங்டனில் இரு அவைகளும் கூடியிருந்த கூட்டத்தில் பேசும்போது, இன அடையாளத்தைப் பார்த்து ஆள் பிடிக்க இது வழி செய்கிறது என்று கண்டித்தார். ஜனநாயகக் கட்சியினர் எழுந்து நின்று கைதட்டினார்கள், குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலோர் உட்கார்ந்தே இருந்தார்கள். எனக்கு இது விருந்துக்கு வந்தவர் அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தது போல இருக்கிறது. அவர் நாட்டு மக்கள் அங்கே இருக்கும்போது அவர் பேசாமல் யார் பேசுவார்கள் என்கிறாள் மகள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாலைவெயில்:
நான் அந்த வருடம் ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் எச்1பி விசாவில் இருந்தேன். வெளிநாட்டவர் தன் பதிவுக் காகிதத்தை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய சட்டத்தில் ரொம்ப காலமாக இருப்பதுதான், எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எஸ்பி 1070 அதை மாநிலக் குற்றமாகவும் ஆக்கியது. எங்களுக்கு அந்தக் காகிதம் ஐ-94, அதாவது நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு, அப்போது பாஸ்போர்ட்டில் பின் அடித்த சின்ன வெள்ளை அட்டை. பால் வாங்கப் போனால்கூட பாஸ்போர்ட்டோடு போனேன், எங்கேயாவது தொலைத்துவிடுவேனோ என்ற கவலை வேறு. ஆனால் என்னைவிட அதிகம் பயந்தவர்கள் பக்கத்து வீட்டு மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம்தான். எல்லோரும் அங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள்! காரணம் அப்புறம்தான் தெரிந்தது. 1997 ஜூலையில் அதே சாண்ட்லரில் உள்ளூர் போலீசும் எல்லைக் காவல் படையும் சேர்ந்து ஐந்து நாள் ஆள் பிடித்தார்கள், 400 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். நிறத்தையும் பேசும் மொழியையும் வைத்துக் குடிமக்களையும் நிறுத்திக் காகிதம் கேட்டிருக்கிறார்கள். வழக்குப் போட்டதில் நகராட்சி பணம் கொடுத்து சமரசம் செய்தது. இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குக் கால்டெரோன் பேச்சு அந்நியத் தலையீடாகப் படவே இல்லை. நான் உங்கள் மகள் பக்கம்.

தாளும்தராசும்:
பேச அவருக்கு உரிமை இருந்தது, ஆனால் அவர் வீட்டு நிலைமையையும் பார்க்க வேண்டும். மெக்சிகோவில் அனுமதியில்லாமல் நுழைந்தால் 2008 வரை சிறைத்தண்டனையே உண்டு. அதை நீக்கியது கால்டெரோன் காலத்தில்தான், அது அவருக்குப் பெருமை. ஆனாலும் அவர் வாஷிங்டனில் பேசிய சமயத்தில், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடாரிலிருந்து வடக்கே போகிறவர்கள் மெக்சிகோ வழியில் கடத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டு மனித உரிமை ஆணையமே 2008 செப்டம்பரிலிருந்து ஆறு மாதத்தில் 9,758 பேர் கடத்தப்பட்டதாகக் கணக்கு சொன்னது. அவர் பேசி மூன்று மாதத்தில், ஆகஸ்டில், தமாவுலிபாஸ் மாநிலத்தில் சான் ஃபெர்னாண்டோ என்ற ஊரில் 72 பேரைக் கொன்று போட்டார்கள். அனுமதியில்லாமல் வந்தவர்களுக்கும் மருத்துவமும் படிப்பும் உண்டு என்று சொல்லும் புதிய குடிபெயர்வுச் சட்டம் 2011 மே மாதம்தான் வந்தது.

கொடைமழைக்கு இன்னொன்று. மேடைப் பேச்சோடு நிற்காமல் மெக்சிகோ அரசு அமெரிக்க நீதிமன்றத்திலும் எஸ்பி 1070க்கு எதிராகத் தன் வாதத்தை எழுதிக் கொடுத்தது. 2012 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணையில் இருந்த நான்கு பிரிவுகளில் மூன்றை ரத்து செய்தது, நீங்கள் சொன்ன அந்தச் சரிபார்க்கும் பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பில் உங்கள் கேள்விக்கே பதில் போல ஓர் இடம் வருகிறது. தன் மக்களின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படும் வெளிநாடு அதைப் பற்றி ஒரே ஓர் அரசோடு பேச முடிய வேண்டும், 50 மாநிலங்களோடு தனித்தனியாக அல்ல என்கிறார். வெளிநாடு கேட்கும் என்பதையே அவர் இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள்.

முகாம்பிள்ளை:
நான் தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவன். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது மலேசியப் பிரதமர் மகாதீர் அதைக் கண்டித்தார், அடுத்த மாதமே இந்தியா சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அவர் கவலை முஸ்லிம்களைப் பற்றி, அது நியாயமான கவலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் இலங்கையே இல்லை, எங்களில் இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும் இடமில்லை. செய்தி முழுக்க எண்ணெய் விலை ஓடியது, எங்கள் பேச்சே வரவில்லை. கால்டெரோனாவது தன் குடிமக்களுக்காகப் பேசினார். எங்களுக்காகப் பேசக் கடமைப்பட்ட நாடு எது? நாங்கள் தப்பி வந்ததே எங்கள் நாட்டிலிருந்துதானே. அதனால் வெளியிலிருந்து யாராவது பேசினால் வாயை மூடு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கொடைமழை:
அந்தத் தீர்ப்பின் இடத்தைக் காலையில் மகளிடம் காட்டினேன், சத்தம் போட்டுப் படித்தாள். பானை உவமையை எடுத்துவிடுகிறேன், அங்கே வெந்துகொண்டிருந்தது அவர் பிள்ளைகளும்தான். இரண்டு கட்சிகள் மோதிக்கொண்டிருந்த அவையில் சொன்னது மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை, அதை நீதிமன்றத்திலேயே சொல்லியிருந்தால் போதும் என்றுதான் தோன்றுகிறது. முகாம்பிள்ளை தம்பி, உங்களிடம் நேரில் பேச வேண்டும் என்கிறாள் மகள். வாரக்கடைசியில் ஏதாவது ஒரு நாள் போனில் பேச முடியுமா?