ஓய்வு பெற்ற அமெரிக்கத் தரைப்படை அதிகாரியின் பணிப்பதிவுகளைக் கேட்டுப் பெற முடியுமா?

கேள்வி:

வியட்நாம் போரில் பங்கேற்ற அமெரிக்கப் படையினரின் நினைவுக் குறிப்புகளை ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதிவருகிறேன். அவர்களில் ஒருவர் 1968-இல் பணியில் சேர்ந்து 1991-இல் கர்னலாக ஓய்வு பெற்றவர்; இப்போதும் வாழ்ந்துவருகிறார். போர்க்கள வீரத்துக்கான சில்வர் ஸ்டார் பதக்கம் தமக்கு வழங்கப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார். அதை நம்ப மறுக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் சான்று பார்க்காமல் அச்சில் ஏற்ற மனம் ஒப்பவில்லை. அந்நாட்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் அவருடைய பணிப்பதிவு முழுவதையும் கேட்கலாமா? நான் அமெரிக்கக் குடிமகன் அல்லன்.

முதல் பதில்:

குடியுரிமை இதற்குத் தடையில்லை. இந்தியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே அந்த உரிமையைத் தருகிறது. அமெரிக்கச் சட்டத்தின் கீழ் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் முழுக் கோப்பும் கிடைக்காது. படைப்பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்த பிறகே ஒருவருடைய பணியாளர் கோப்பு ஆவணக் காப்பகத்தின் பொதுச் சொத்தாகிறது. நீங்கள் குறிப்பிடும் கர்னலின் கோப்புக்கு அந்த நிலை 2053-இல்தான் வரும்.

அதுவரை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியிடத்தக்கவை சில உண்டு: பெயர், பதவிநிலை, பணிக்காலம், பணியாற்றிய பொறுப்புகளும் இடங்களும், படைத்துறைக் கல்வி, பதக்கங்கள், விருதுகள். மருத்துவக் குறிப்புகள், வீட்டு முகவரி, சமூகப் பாதுகாப்பு எண், மேலதிகாரிகள் எழுதிய மதிப்பீட்டு அறிக்கைகள் ஆகியவை தனிமனித அந்தரங்கத்தைக் காக்கும் விதிவிலக்கின் கீழ் மறுக்கப்படும். அது நியாயமானது என்றே நான் கருதுகிறேன்; சீருடை அணிந்ததாலேயே ஒருவருடைய உடல்நலக் குறிப்பு ஊராருக்கு உரியதாகிவிடாது.

ஆகவே 'முழுப் பதிவு' என்று எழுதாதீர்கள். செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு அனுப்பும் கடிதத்தில், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, பணிக்காலம், பணியிடங்கள், விருதுகள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவருடைய முழுப்பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள், தெரிந்தால் பணி எண் ஆகியவற்றையும் சேருங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால், நடுப்பெயர் விடுபட்டாலே தேடல் தடுமாறக்கூடும்.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கோப்பில் சில்வர் ஸ்டார் பற்றிய பதிவு இல்லை என்று பதில் வந்தால், அவர் பொய் சொன்னார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். போர்க்களத்தில் வழங்கப்பட்ட விருதுகள் அந்தந்தப் படையமைப்பின் பொது ஆணைகளாக வெளியிடப்பட்டன. அந்த ஆணையின் பிரதி தனிக்கோப்புக்குப் போய்ச் சேராமல் விடுபட்டிருக்கவும் கூடும். வியட்நாமில் இருந்த தரைப்படைத் தலைமையகத்தின் பொது ஆணைகள், மேரிலாந்து மாநிலத்துக் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆணை எண்ணும் தேதியும் நினைவுக் குறிப்பிலேயே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வேலை பாதி முடிந்தது.

அவர் கர்னலானதைச் சரிபார்க்க விண்ணப்பமே தேவைப்படாமல் போகலாம். அந்தப் பதவி உயர்வுக்கான பரிந்துரைகள் செனட் சபையின் ஒப்புதலுக்குச் செல்பவை. பெயர்ப் பட்டியல்கள், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பான காங்கிரஷனல் ரெக்கார்டில் அச்சாகியிருக்கும். சிறிய எழுத்தில் நெருக்கமாக அடுக்கப்பட்ட அந்தப் பட்டியல்களில் பொறுமையாகத் தேட வேண்டும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. இதே கட்டுரையில், 1953-இல் படையிலிருந்து விலகி, பிறகு காலமான ஒரு தரைப்படைக் கேப்டனும் வருகிறார். 62 ஆண்டுகள் கடந்துவிட்டதால் அவருடைய கோப்பு முழுவதும் கிடைக்கும் அல்லவா?

முதல் பதில் எழுதியவர்:

சட்டப்படி கிடைக்க வேண்டும். ஆனால் கோப்பே எஞ்சியிருக்கிறதா என்பது ஐயம். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் ஏற்பட்ட தீவிபத்தில், 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்தது. கோப்பு இல்லாவிட்டாலும், சம்பளப் பதிவு போன்ற வேறு ஆவணங்களைக் கொண்டு பணிக்காலத்தையாவது உறுதிசெய்து தருமாறு கேளுங்கள்.

மூன்றாம் பதில்:

கர்னல் உயிருடன் இருக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் அவரிடமே கேட்பதுதான் நேர்வழி. பணிப்பதிவுகளைக் கோருவதற்கான எஸ்எஃப்-180 படிவத்தில் அவர் ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டால், சட்டம் உங்களுக்கு மறுக்கும் பகுதிகளிலிருந்தும், அவர் அனுமதிப்பவை உங்கள் கைக்கு வரும். அவரிடமுள்ள டிடி-214 என்னும் விடுவிப்புச் சான்றின் நகலையும் கேட்டுப் பார்க்கலாம். விருதுகள் அதில் பட்டியலிடப்பட்டிருக்கும். சரிபார்ப்பது ஏன் என்பதை மரியாதையுடன் விளக்கி எழுதுங்கள்.

அவர் இசையாவிட்டால் விண்ணப்ப வழி இருக்கவே இருக்கிறது. பதில் தரச் சட்டம் குறிக்கும் காலம் 20 வேலை நாட்கள்; நடைமுறையில் கூடுதலாகவும் ஆகலாம். மறுப்புக் கடிதம் வந்தால் மேல்முறையீடு செய்யக் குறைந்தது 90 நாட்கள் உண்டு. எந்த விதிவிலக்கைக் காட்டி எந்தப் பகுதியை மறுத்திருக்கிறார்கள் என்று அந்தக் கடிதத்தில் தேடுங்கள். உங்கள் மேல்முறையீடு அதற்கு மட்டும் பதில் சொல்வதாக இருக்கட்டும்.