ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற பசங்கள சர்ச் யூத் குரூப்ல பாத்துக்கிறவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க, நான் ஆரம்பிக்கிறேன்

இந்த வயசு பசங்கள நான் பாத்துக்க ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆகுது. அதுல மொத ஒன்றரை வருஷம் நான் பண்ணது என்னன்னா, மெசேஜ் குடுத்து முடிச்சு, கண்ண மூடச் சொல்லி, கீபோர்ட மெதுவா வாசிக்கச் சொல்லி, இயேசுவ ஏத்துக்கிறவங்க கை தூக்குங்கன்னு சொல்லி, தூக்கின கைய எண்ணி பாஸ்டர்கிட்ட நம்பர் சொல்றது. ஒரு பையன், அப்ப ஏழாவது, ஒவ்வொரு தடவையும் தூக்குவான். அஞ்சாவது தடவையும் தூக்கினப்புறம் ஓரமா கூப்பிட்டு (எல்லாரும் பாக்குற எடத்துல தான்) ஏன்டா தம்பி, போன மாசமே ஏத்துக்கிட்டியே, மறுபடி எதுக்குன்னு கேட்டேன். "யாராச்சும் தூக்குற வரைக்கும் நீங்க முடிக்க மாட்டேங்கிறீங்க அண்ணா, அதான்"னான்.

அங்க சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா நான் குடுத்த நம்பர்ல எத்தன இவன் ஒருத்தனோடதுன்னு கணக்கு போட வேண்டியதா போச்சு.

அதுக்கப்புறம் கை தூக்கச் சொல்றத நிறுத்திட்டு ஒரு பெட்டி வச்சேன், பேர் எழுதாம கேள்விய சீட்டுல எழுதி போடலாம். மொத வாரம் பாதி சீட்டு கிண்டல், டைனோசர் நோவாவோட பேழைல எப்படி ஏறுச்சுங்கிற மாதிரி. நடுவுல ஒண்ணு இருந்துச்சு: "ஜெபம் பண்றப்ப நான் பேசறது தான் எனக்கு கேக்குது. அவர் பேசறது மத்தவங்களுக்கு கேக்குதா, எனக்கு மட்டும் தான் கேக்கலையா?" இத படிச்சிட்டு சட்டுனு பதில் வரல. அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லிட்டு வந்து பைபிள்ல 1 சாமுவேல் 3ம் அதிகாரம் எடுத்து வச்சேன். சின்ன வயசுல இருந்து நூறு தடவ கேட்ட கதை தான், ஆனா 7வது வசனத்த நான் ஒழுங்கா கவனிச்சதே இல்ல. சாமுவேல் ஆலயத்துலயே வளந்த பையன், தேவனோட உடன்படிக்கைப் பெட்டி இருந்த எடத்துலயே படுத்து தூங்குறான், அவன் அதுவரைக்கும் கர்த்தர அறியலன்னு பைபிளே சொல்லுது. கூப்பிட்ட குரல் யாரோடதுன்னு தெரியாம மூணு தடவ எந்திரிச்சு அவன வளத்த ஆசாரியர் ஏலிகிட்ட ஓடுறான். ஏலிக்குமே மூணாவது தடவ தான் புரியுது. சாமுவேலுக்கு அப்ப 12 வயசுன்னு முதல் நூற்றாண்டு யூத வரலாற்று ஆசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கார், பைபிள்ல வயசு இல்ல. வயச சொன்னதும் பின்வரிசையில சாஞ்சு உக்காந்திருந்த கூட்டம் நிமிந்துச்சு.

எனக்கும் காதால இதுவரைக்கும் கேட்டது இல்லன்னு சொன்னேன். ஒரே அமைதி. எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு, "அப்ப மைக்ல கர்த்தர் என்கூட பேசினார்னு சொல்வீங்களே, அது என்ன அண்ணா?"ன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்வி தானே. ஒரு வசனம் படிக்கும்போது அது மனசுல பிடிச்சுக்கும், நாள் முழுக்க விடாது, அத தான் அப்படி சொல்றேன்னேன். "அப்ப அப்படியே சொல்லுங்களேன்"னுச்சு. அன்னைல இருந்து அப்படியே தான் சொல்றேன்.

*

அண்ணா, எங்க பொண்ணுங்க குரூப்லயும் கிட்டத்தட்ட இதே தான். நான் வேற ஒண்ணு சொல்லணும். கிறிஸ்தவங்க இல்லாத வீட்டுல இருந்து ஒரு பொண்ணு ஃப்ரெண்டோட வர ஆரம்பிச்சா, ரெண்டு மாசத்துல ஞானஸ்நானம் எடுக்கணும்னா. எங்க டீம்ல சிலருக்கு ஒரே சந்தோஷம், எனக்கு மட்டும் கொஞ்சம் பயம், ஏன்னா 12 வயசுல ஃப்ரெண்டு எடுக்குறதுக்காகவே எதையும் எடுக்கணும்னு தோணும். வீட்டுக்கு தெரியாம எதுவும் வேணாம்னு சொல்லி நானே அவ அம்மாவ போய் பாத்தேன். என்ன பாடம் எடுக்குறோம், யார் யார் இருப்போம்னு எல்லாம் கேட்டாங்க. வரட்டும், ஞானஸ்நானம் எல்லாம் பெரியவளா ஆனப்புறம் அவளே முடிவு பண்ணட்டும்னாங்க. அவகிட்ட சொன்னப்ப அழுதா, என்மேல கோவமும் பட்டா, மூணு வாரம் வரவே இல்ல. அப்புறம் வந்தா, இப்ப அவ அம்மா தான் கொண்டுவந்து விடுறாங்க. டீம்ல ஒருத்தர் இன்னும் நான் பண்ணது தப்புன்னு தான் சொல்றார், சொல்லிட்டு போகட்டும்.

இன்னொண்ணு, புதுசா வர்ற லீடர்ஸுக்கு. பசங்க "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா"ன்னு ஆரம்பிச்சா சரின்னு வாக்கு குடுக்காதீங்க. உனக்கு ஆபத்துன்னா நான் சொல்லி தான் ஆகணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. சொன்னாலும் பேசத் தான் செய்யுதுங்க.

*

மெசேஜ் நீளம் பத்தி யாரும் சொல்லலையே. நான் 40 நிமிஷம் பேசுறவன். ஒரு நாள் ஐத்திகு கதை எடுத்தேன், பைபிள்ல அப்போஸ்தலர் 20, ஊழியக்காரர் பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசப் பேச ஜன்னல்ல உக்காந்திருந்த வாலிபன் தூங்கி மூணாம் மாடியில இருந்து விழுந்து செத்து, அப்புறம் உயிரோட எழும்புறான். ஒரு ஆறாவது பையன் "அதுக்கப்புறமாச்சும் பவுல் நிறுத்துனாரா?"ன்னான். வசனத்த பாத்தா விடியற வரைக்கும் பேசியிருக்கார் 😄 குரூப்பே உருண்டு சிரிச்சுச்சு. ஆனா நான் பவுல் இல்லயே, இப்ப 12 நிமிஷம், மீதி நேரம் அவனுங்க பேசுறது.

*

கொஞ்சம் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் 13 வயசுல ஒரு கேம்ப்ல கை தூக்கினவன், அன்னைக்கு எனக்கு நடந்தது நெஜம், இன்னைக்கு வரைக்கும் நெஜம் தான். பக்கத்துல அழுதுட்டு இருந்த நாலு பேர் இப்ப சர்ச் பக்கமே இல்லங்கிறதும் நெஜம். அதனால கை தூக்கச் சொல்ற அழைப்பே குடுக்க வேணாம்னு என்னால சொல்ல முடியல.

*

நீங்க சொல்றது சரி தான், மொத போஸ்ட் போட்டவன் தான் பேசுறேன். அழைப்பே தப்புன்னு நான் சொல்லல, நான் குடுத்த விதம் தப்பு, எண்ணினது அத விட தப்பு. இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவ கேக்குறேன், கீபோர்டு இல்லாம, கண்ண தொறந்துட்டே, பேசணும்னு நெனைக்கிறவங்க அடுத்த வாரம் வந்து பேசுங்கன்னு சொல்லி விட்டுடுறேன். வர்றவங்க ரொம்ப கம்மி, பாஸ்டர்கிட்ட சொல்ல நம்பர் இல்ல.

அந்த பையன் என்ன ஆனான்னு ஒருத்தர் தனியா கேட்டாங்க. இப்ப ஒன்பதாவது, பெரிய பசங்க குரூப்புக்கு போயிட்டான், ஆனா பெட்டிய எடுத்து வைக்கிறேன்னு சொல்லிட்டு இங்கயும் வந்துடுறான். அதுக்கப்புறம் கை தூக்கவே இல்ல, நானும் கேக்கல. பேர் எழுதலன்னாலும் அவன் கையெழுத்து எனக்கு தெரியும், போன வாரம் ஒரு சீட்டு போட்டிருக்கான்: "ஏலிக்கு தான் கண்ணு சரியா தெரியாதே, புள்ளைங்களையும் ஒழுங்கா கண்டிக்கல. அப்புறம் கூப்பிட்டது கர்த்தர்னு அவருக்கு எப்படி புரிஞ்சுது?"

சனிக்கிழமைக்குள்ள எதாச்சும் யோசிக்கணும். யாருக்காச்சும் தோணுச்சுன்னா சொல்லுங்க.